வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்: நெக் சேரும் இடத்தில் பாலிஷ் போடுவது எப்படி

என் முதல் கிட்டாருக்கு பாடி அறுத்து, அதில் நெக், அதாவது கழுத்து, உட்காரும் குழியான பாக்கெட்டை வெட்டி, நெக்கை உள்ளே வைத்துப் பார்த்த அன்று அப்படி ஒரு கச்சிதம். ஸ்க்ரூ ஒன்றுகூடப் போடாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே மேலே வந்தது. அதை வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். அப்புறம் தெரிந்த ஒரு பெயின்டரிடம் பாடியைக் கொடுத்தேன், அவர் கார் கதவுக்கு அடிப்பதுபோல உள்ளும் புறமும் பளபளவென்று அடித்துத் தந்தார். அவர்மேல் தப்பில்லை, பாக்கெட்டை மூடிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். பத்து நாள் காயவிட்டு நெக்கை வைத்தால் உள்ளே இறங்கவே இல்லை. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன், கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். பாக்கெட்டின் மூலையிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் பாடியின் முகத்தில் இரண்டு அங்குலம் ஓடியிருந்தது. நெக்கைத் திரும்பப் பிடுங்கும்போது ஓரத்திலிருந்த பெயின்டும் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து வந்தது.

பாலிஷ் போடுவது பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது, எல்லாம் பாடியின் முகத்தைத்தான் காட்டுகின்றன. நெக் சேரும் அந்த மூன்று அங்குல இடத்தில் என்ன செய்வது என்று யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. பாலிஷ் எப்படி அடிப்பது என்பதைவிட அது எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஸ்க்ரூ போட்டுச் சேர்க்கும் நெக்கைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். 1950இல் லியோ ஃபெண்டர் தன் முதல் சாலிட்பாடி கிட்டார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது நெக்கை ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம், தொழிற்சாலையில் வேலையும் சுருக்கமாக முடியும். வீட்டில் செய்கிறவர்களுக்கும் அதுதான் சுலபம், நெக்கைத் தனியாக வாங்கி பாடியை மட்டும் செய்கிறவர்கள்தான் அதிகம். இந்த அமைப்பில் பாக்கெட்டின் தரையும் நெக்கின் அடிப்பாகமும், அதாவது ஹீலும், மரத்தோடு மரமாக அழுந்தி உட்கார வேண்டும். 25.5 அங்குல ஸ்கேலில், அதாவது கம்பி அதிரும் நீளத்தில், பத்தாம் நம்பர் கம்பி செட் (முதல் கம்பி 0.010 அங்குலம்) போட்டு சாதாரண டியூனிங்கில் முறுக்கினால் ஆறு கம்பியும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கும், அந்த இழுப்பு இராப்பகலாக இந்த மூட்டில்தான் நிற்கிறது. நடுவில் மெத்தென்று ஒரு லாக்கர் படலம் இருந்தால் அது மெதுவாக நசுங்கும், ஸ்க்ரூ தளரும், நாள்பட நெக்கின் வார்னிஷும் பாக்கெட்டின் வார்னிஷும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னால் நெக்கைக் கழற்றினால் எதன் பெயின்ட் எதோடு வரும் என்று சொல்லமுடியாது.

இன்னொன்று, கோணம். பாக்கெட்டின் தரையில் பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்க ஓரத்தில் பெயின்ட் திரண்டு 0.2 மி.மீ. மேடு நின்றுவிட்டது என்று வையுங்கள். பாக்கெட் நீளம் ஏறத்தாழ 75 மி.மீ., அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் இன்னொரு 185 மி.மீ. இருக்கும். அந்த 0.2 மி.மீ. மேடு பிரிட்ஜுக்குப் போய்ச் சேரும்போது 0.7 மி.மீ. ஆகிவிடும். பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டான சேடிலை அந்த அளவுக்கு ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம்தான், ஆனால் பெயின்ட் கட்டியை வைத்துக்கொண்டு நெக் கோணத்தை அமைத்தவன் என்ற பெயர் எதற்கு?

சரி, வேலைக்கு வருவோம். பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இடைவெளியைப் பாருங்கள். பாலிஷுக்கு முன் நெக் இறுக்கமாக உட்கார்ந்தால் பாலிஷுக்குப் பின் உட்காராது, அவ்வளவுதான் கணக்கு. எனக்குப் பிடித்த அளவுகோல் ஏ4 தாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். பாக்கெட்டின் பக்கச் சுவர் உயரத்துக்கு, பொதுவாக 16 மி.மீ. இருக்கும், தாளைப் பட்டையாக வெட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து நெக்கைக் கையால் அழுத்துங்கள். கையழுத்தத்திலேயே இறங்கினால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்கு அந்த இடம் போதும். பியூ (பாலியூரிதேன்) அடிப்பதாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டு தாள் வைத்துப் பாருங்கள், அதன் படலம் தடிமன். இறங்கவில்லை என்றால் நேரான ஒரு மரச் சட்டத்தில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி பக்கச் சுவரைத் தேயுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரே பக்கமாகத் தேய்த்தால் நெக் கோணலாகி முதல் கம்பி, விரல் வைக்கும் ஃப்ரெட்போர்டுக்கு வெளியே நழுவும். சந்தேகமாக இருந்தால் நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் பிரிட்ஜுக்கு நூல் கட்டிப் பாருங்கள், இரண்டு நூலும் ஃப்ரெட்போர்டின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓடவேண்டும்.

தரையைப் பொறுத்தவரை உப்புத்தாள் வேலையை அளவோடு வையுங்கள். குழி வெட்டும் மெஷினான ரவுட்டர் விட்டுச் சென்ற நார், மூலையில் ஒளிந்திருக்கும் தூள், இவற்றை உளியால் சுரண்டி எடுத்தாலே பாதி பிரச்சினை தீரும். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று வெளிச்சமே காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் தரை முழுக்க பென்சிலால் கிறுக்கிவிட்டு நெக்கை வைத்து அழுத்தி எடுங்கள், ஹீலில் கறை பட்ட இடமெல்லாம் தொடும் இடம்.

அடுத்தது பாக்கெட்டின் விளிம்பு. கத்தி மாதிரி கூராக வெட்டிய விளிம்பு பார்க்க அழகு, ஆனால் ஈரமான எந்தப் பூச்சும் கூரான முனையில் நிற்காது, இரண்டு பக்கமும் விலகி ஓடிவிடும், முனையில் மட்டும் படலம் மெலிந்துபோகும். அப்புறம் உப்புத்தாள் போடும்போது முதலில் மரம் தெரிவது அங்கேதான். அதனால் 320 நம்பர் தாளை விரலில் மடித்து விளிம்பில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதற்குமேல் உருட்டாதீர்கள், நெக் உட்கார்ந்த பிறகு சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாற்போல் கறுப்புக் கோடு விழும்.

என் இரண்டாவது பாடி பழைய வீட்டுக் கதவிலிருந்து எடுத்த தேக்கு. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, அதன்மேல் நேராக லாக்கர் அடித்தால் சில இடங்களில் காயவே காயாது, காய்ந்தாலும் உரியும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே அவலரக்குப் பாலிஷ் ஒரு கை கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் கிட்டத்தட்ட தீர்ந்தது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் அவல் மாதிரியே தட்டையாக, தேன் நிறத்தில் கிடைக்கும். 250 மில்லி ஸ்பிரிட்டுக்கு 30 கிராம், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு நாள் விட்டால் கரைந்துவிடும், இடையில் நாலைந்து தடவை குலுக்குங்கள். கடை அரக்கில் மெழுகு இருக்கும், அது அடியில் மாவு மாதிரி படியும். குலுக்காமல் இன்னும் இரண்டு நாள் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பியூ அடிக்கப்போகிறவர்கள் இந்த மெழுகைக் கட்டாயம் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள், ஆறு மாதத்துக்கு மேலான அரக்கு ஒழுங்காக இறுகாமல் பிசுபிசுக்கும்.

இந்த அரக்கை நான் பாக்கெட்டின் தரைக்கும் சுவருக்கும்கூட ஒரே ஒரு துடைப்பு கொடுக்கிறேன். இப்போதுதானே உள்ளே எதுவும் கூடாது என்றாய் என்பீர்கள். கடற்கரை ஊர்க் காற்றில் பூச்சில்லாத பச்சை மரத்தைத் திறந்தபடி விட மனசு வருவதில்லை, அதிலும் பாக்கெட்டின் பிரிட்ஜ் பக்கச் சுவரும் அதன் வாய்ப்பக்கமும் மரத்தின் வெட்டுமுகம், அதாவது நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகம், ஈரத்தைப் பலகை முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். துணியால் ஒரு தடவை துடைத்த அரக்குக்குக் கனம் என்று சொல்ல எதுவும் இல்லை, காய்ந்ததும் 400 தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் மரத்தின் துவாரத்துக்குள் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். இதனால் சப்தம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் எட்டவில்லை.

இப்போது பாக்கெட்டை மூடும் வேலை. இரண்டு வழி இருக்கிறது, நான் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறேன். முதலில் தரை முழுக்க மாஸ்கிங் டேப், அதுவும் ஓரம்வரை வந்து மூலையில் சுவரோடு முட்டி நிற்கவேண்டும், நகத்தால் அழுத்தி விடுங்கள். பக்கச் சுவருக்கும் டேப், ஆனால் மேலிருந்து 2 மி.மீ. விட்டுவிட்டு. அந்த 2 மி.மீ. ஏனென்றால் நெக்கும் பாடியும் சேரும் சந்தில் மேலிருந்து பார்க்கும்போது கண் அவ்வளவு ஆழம்தான் போகும், கறுப்போ சிவப்போ அடித்த பாடியில் அங்கே பச்சை மரம் தெரிந்தால் பல்லிளிக்கும். அங்கே நிறம் மட்டும் லேசாக இறங்கினால் போதும், கிளியர் கோட் சேரவிடாதீர்கள்.

இரண்டாவது, கட்டை. பாக்கெட்டைவிட எல்லாப் பக்கமும் 3 மி.மீ. சிறிதாக, ஒன்றரை அடி நீளத்தில் ஒரு மரச் சட்டம் அறுத்து, நெக்குக்குப் பதிலாக அதைப் பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். பாடிக்கு அதுதான் கைப்பிடி. அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அடிக்கலாம், காயும்போது நுனியில் துளையிட்டு கம்பிக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடலாம், ஈரப் பாடியில் விரல் படவே வேண்டாம். ஃபெண்டர் தொழிற்சாலையிலும் 1960களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான் பாக்கெட்டில் ஒரு குச்சியை முடுக்கி பெயின்ட் அடித்தார்கள், அந்தக் காலத்துக் கிட்டார்களைக் கழற்றிப் பார்த்தால் குச்சி இருந்த இடம் மட்டும் பெயின்ட் படாமல் மரமாகவே இருக்கும். பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் அசலா போலியா என்று பார்க்க அந்தத் தடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே அந்த 3 மி.மீ. சந்து கட்டாயம் இருக்கவேண்டும், இல்லையென்றால் லாக்கர் இரண்டுக்கும் பாலம் கட்டிவிடும், கட்டையை எடுக்கும்போது ஓரமும் சேர்ந்து வரும்.

ஸ்ப்ரே பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. என்சி லாக்கர், சரிக்குச் சரி தின்னர், கோட் மெலிதாக, கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு மணி நேரம், நாளைக்கு மூன்று நாலுக்கு மேல் வேண்டாம். பாக்கெட் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் கவனம். குழிக்குள் நேராக அடித்தால் காற்று திரும்பி எழும்பி, பாதி காய்ந்த துளிகளை விளிம்பில் மணல் மாதிரி தூவிவிட்டுப் போகும். அதனால் குழியின் வாயிலிருந்து வெளிப்பக்கமாக அடித்துக்கொண்டு போங்கள். பாடியில் நெக்கைத் தாங்கும் அந்த வெட்டுமுகம் சீலரை, அதாவது மரத் துவாரத்தை அடைக்கும் அடிப்பூச்சை, உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மற்ற இடத்தைவிட இரண்டு கோட் கூடுதலாகக் கேட்கும், அதைச் சின்ன பிரஷ்ஷால் கொடுத்துவிட்டு ஸ்ப்ரேக்கு வாருங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் இதைச் செய்யாதீர்கள். ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பாடி முழுக்க மோர் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். அப்படி ஆனால் பதறவேண்டாம், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மெலிதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இன்னொன்று, மொட்டை மாடியில் அடித்தாலும் ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள், கொரோனா மாஸ்க் இதற்கு உதவாது. வீட்டுக்குள் பூஜை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ஆவி தீப்பிடிக்கும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பியூவின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அதை வீட்டில் ஸ்ப்ரே செய்யவே வேண்டாம், வசதியுள்ள பட்டறையில் கொடுத்து அடியுங்கள், ஆனால் பாக்கெட்டை மூடிக் கொடுங்கள்.

டேப்பை எப்போது உரிப்பது? பெரும்பாலான விளிம்புகள் பெயர்வது இந்த இடத்தில்தான். என்சி என்றால் கடைசி கோட் அடித்து அரை மணி நேரத்தில், தொட்டால் ஒட்டாது ஆனால் நகம் பதியும் என்ற பதத்தில், கட்டையைக் கழற்றிவிட்டு டேப்பை எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் டேப்பை வாரக்கணக்கில் விட்டால் கோந்து மரத்தில் இறங்கிவிடும், பேப்பர் மட்டும் கையோடு வரும். இழுக்கும் திசை முக்கியம்: டேப்பை அதன்மேலேயே மடக்கி, பாக்கெட்டின் உள்பக்கமாக, மெதுவாக. பாடியின் முகத்தை நோக்கி மேலே தூக்கினால் படலத்தையும் தூக்கும். காய்ந்து இறுகிய பிறகுதான் எடுக்கமுடிந்தது என்றால் புது பிளேடால் டேப்பின் ஓரத்தில் ஒரு கோடு கீறிவிட்டு, படலம் வெட்டுப்பட்டது என்று உறுதியான பிறகு இழுங்கள்.

எடுத்ததும் பார்த்தால் டேப் இருந்த ஓரத்தில் வயல் வரப்பு மாதிரி மெல்லிய மேடு ஒன்று நிற்கும். லாக்கர் டேப்பின்மேல் முட்டித் திரண்டது. ஒரு வாரம் கழித்து, 600 தாளை ஐஸ் குச்சியில் சுற்றி, பாக்கெட்டின் உள்பக்கம் நோக்கியே தேய்த்து அதைத் தட்டையாக்குங்கள். வெளிப்பக்கம் நோக்கித் தேய்த்தால் தாள் விளிம்பில் மாட்டி சில்லு எழும்பும். முடித்ததும் நெக்கை ஒரு தடவை சும்மா வைத்துப் பாருங்கள், இப்போது தாள் பட்டை இல்லாமல் கையழுத்தத்தில் இறங்கவேண்டும்.

பின்பக்கம் ஸ்க்ரூ ஓட்டைகள் நாலும் அடுத்த கண்டம். ஸ்க்ரூ போகும்போது ஓட்டையின் வாயிலுள்ள படலத்தைக் கடித்துத் தூக்கும், நட்சத்திர மாதிரி விரிசல் விடும். பெரிய டிரில் பிட் ஒன்றை, மெஷினில் போடாமல், கையில் பிடித்து ஓட்டையின் வாயில் இடப்பக்கமாக நாலு சுற்று சுற்றினால் பூச்சு மட்டும் வட்டமாகச் சீவிப் போய்விடும், ஸ்க்ரூ தலைகளுக்கு அடியில் வரும் உலோகத் தகடான நெக் பிளேட் அதை மறைத்துவிடும். பாடியின் ஓட்டை 4.5 மி.மீ. இருக்கட்டும். எட்டாம் நம்பர் ஸ்க்ரூ 4.2 மி.மீ. கனம், அது பாடிக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், மரையெல்லாம் நெக்கில்தான் பிடிக்கவேண்டும். பாடியிலும் மரை பிடித்தால் நெக்குக்கும் தரைக்கும் நடுவே சந்து விழும், எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. பெயின்ட் உள்ளே போய் ஓட்டை சிறுத்திருந்தால் அதே 4.5 பிட்டை மறுபடி ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள்.

பளபளப்புக்காகத் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 என்று தேய்ப்பவர்கள் பலர். பாடியின் நடுவில் அது சரி. பாக்கெட்டின் ஓரத்திலும் ஸ்க்ரூ ஓட்டை பக்கமும் தண்ணீர் கொண்டுவராதீர்கள். உள்ளே இருப்பது ஒரு துடைப்பு அரக்கு மட்டுமே, தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி மேலே இறுகிய படலத்தை உள்ளிருந்து நெம்பும், காலையில் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி மோதிர வடிவில் விரிசல் இருக்கும். அந்த இடங்களில் தண்ணீருக்குப் பதில் மினரல் டர்பன்டைன் தொட்டுக்கொள்ளுங்கள், என்சி லாக்கரை அது கரைக்காது. ஓட்டைகளில் மெழுகுவர்த்தித் துண்டைத் திணித்து அடைப்பதும் நல்லது. பாலிஷிங் காம்பவுண்ட் தேய்க்கும்போது பாக்கெட்டுக்குப் புதிதாக டேப் போடுங்கள், அந்த வெள்ளை மாவு மரத் துவாரத்தில் போய் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது.

இனி நெக். மேப்பிள் நெக்கைப் பச்சையாக விடக்கூடாது, வியர்வையும் அழுக்கும் பிடித்துக் கறுக்கும், ஈரத்துக்கு வளையும். ஆனால் ஹீலின் அடியும் பக்கமும் பாக்கெட்டுக்குள் போகிறவை, அங்கே படலம் வேண்டாம். எல்லைக்கோடு எங்கே என்பதை அளந்து தேடாதீர்கள். நெக்கை பாடியில் வைத்து, பாடி முடியும் இடத்தில் ஹீலைச் சுற்றி பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். டேப்பை அந்தக் கோட்டில் ஒட்டாமல் ஹீல் பக்கமாக ஒன்றரை மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள், அப்போதுதான் பாலிஷ் பாக்கெட்டின் வாய்க்குள் கொஞ்சம் நுழைந்து முடியும், சேர்த்த பிறகு வெளியில் வெளுத்த பட்டை தெரியாது. ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்கு லாக்கர் கிடையாது, அதற்கும் டேப். ஹீலின் கடைசி வெட்டுமுகத்துக்கு இரண்டு துடைப்பு அரக்கு, அடிப்பாகத்துக்கு ஒன்று, காய்ந்ததும் கண்ணாடித் துண்டின்மேல் 400 தாளை விரித்து அடிப்பாகத்தை நாலு இழுப்பு. கண்ணாடி தட்டை, அதனால் ஹீலும் தட்டையாகவே இருக்கும். கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும், உருண்ட ஹீல் பாக்கெட்டில் படகு மாதிரி ஆடும்.

நெக்கின் முதுகுக்கு லாக்கர் வேண்டாம், கைக்கு ஒட்டுகிறது என்று எண்ணெய் தேய்ப்பவர்களும் உண்டு. தாராளமாகச் செய்யலாம், அடிக்கடி மறுபடி தேய்க்கவேண்டும், அவ்வளவுதான். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கக்கும், சுருட்டிய துணி தானாகப் பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

நெக்கை ஒட்டியே செய்கிறவர்களுக்கு, 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் இருப்பது மாதிரி, கணக்கு வேறு. அங்கே முதலில் ஒட்டு, பிறகு மொத்தக் கிட்டாருக்கும் ஒன்றாகப் பாலிஷ். பாலிஷ் பட்ட மரத்தைப் பசை பிடிக்காது, ஆகவே ஒட்டும் முகத்தில் அரக்குகூடக் கூடாது. இரண்டு விஷயத்தில்தான் ஏமாறுவோம். ஒன்று, மூட்டிலிருந்து பிதுங்கிய பசை. ஈரத்துணியால் துடைத்துவிட்டோம் என்று நினைப்போம், மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் போடும்போதுதான் அங்கங்கே தேமல் மாதிரி வெளுப்பு தெரியும். ஸ்டெயினுக்கு முன்னால் டர்பன்டைனால் துடைத்துப் பார்த்தால் பசை இருக்கும் இடம் நனையாமல் தனித்துக் காட்டும், அதைச் சுரண்டிவிடலாம். இரண்டு, அவசரம். தண்ணீர் கலந்த பசை மூட்டின் ஓரத்து மரத்தை உப்ப வைக்கும். மறுநாளே சமமாகத் தேய்த்துவிட்டால், ஈரம் காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் உள்வாங்கி, பளபளக்கும் லாக்கருக்கு அடியில் மூட்டு ஒரு கோடாகத் தெரியும். ஒரு வாரம் பொறுத்தால் ஒன்றும் ஆகாது.

இவ்வளவு பார்த்தும் விளிம்பில் சில்லு பெயர்ந்துவிட்டதா? என்சியில் அது பெரிய விஷயமில்லை, புது லாக்கர் பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பல் குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து பள்ளத்தில் வைத்து, காயவிட்டு, மறுபடி ஒரு துளி. நாலைந்து நாளில் மேடாகும், பிளேடால் சீவி 1000 தாளால் சமப்படுத்தலாம். பியூ அப்படிக் கரையாது, அங்கே சூப்பர் குளூ ஒரு துளி வைத்துச் சமப்படுத்துவதுதான் வழி, உற்றுப் பார்த்தால் எல்லை தெரியும்.

மாட்டுவதற்கு முன் என்சிக்கு மூன்று நாலு வாரமாவது கொடுங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாடை துளி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், நெக் பிளேட்டை முடுக்கினால் முத்திரை குத்தினாற்போல் பதிந்துவிடும். பிளேட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வெட்டி வைத்தால் பின்னாலும் ஒட்டாது. ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியை ஒரு தடவை உரசிக்கொள்ளுங்கள், சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். நெக்கில் பைலட் ஓட்டை 3.2 மி.மீ., மேப்பிளுக்கு அதைவிடச் சிறிதாகப் போட்டால் ஸ்க்ரூ தலை முறியும். நாலையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், கார் சக்கர நட்டு மாதிரி. மெஷின் வேண்டாம், கைத் திருப்புளி. கம்பி மாட்டி டியூன் செய்துவிட்டு ஒரு வாரம் வாசியுங்கள், பிறகு கம்பியைத் தளர்த்தி நாலு ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே மரத்தோடு மரம் உட்கார்ந்திருந்தால் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. அரைச் சுற்று திரும்பினால் எங்கேயோ ஒரு படலம் நசுங்கிக்கொண்டிருக்கிறது, கழற்றி தரையைப் பாருங்கள், மினுக்கென்று தெரியும்.